கறுப்பின வெகுஜன இசையில் வாத்தியக் குழுக்கள் எங்கே போயின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சோல், ஃபங்க் (இரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகைகள்) இசைத்தட்டுகளை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தாம் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, கீழே விடை எழுதியிருக்கிறேன். பேச்சு முழுவதும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வெகுஜன இசையைப் பற்றியது. ஓரிடத்தில் மட்டும் ஜமைக்காவுக்குப் போய்வருகிறோம்.

எது குறைந்துவிட்டது என்கிறீர்கள்? இப்போதும் மேடையில் டிரம்ஸ், கிடார் எல்லாம் இருக்கத்தானே செய்கிறது?

மேடையில் இருக்கிறது. இசைத்தட்டில்தான் குறைந்தது. 1960களிலும் 70களிலும் ஒரு பாட்டு பதிவாக வேண்டுமானால், ஐந்தாறு பேரிலிருந்து முப்பது பேர் வரை ஓரிடத்தில் கூடி ஊதவும் மீட்டவும் அடிக்கவும் வேண்டியிருந்தது. 1980களின் நடுப்பகுதிக்குள் அதே வேலையை ஒருவரோ இருவரோ இயந்திரங்களை வைத்துக்கொண்டு முடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சேர்ந்து வாசிப்பதற்கு வாராவாரம் கூலி கொடுத்த இடங்கள் அருகின. பின்வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைச் சுற்றியே வரும்.

அந்தக் காலத்தில் பாட்டு எப்படித்தான் பதிவானது? பாடகர்கள் சொந்தக் குழு வைத்திருந்தார்களா?

சிலர் வைத்திருந்தார்கள், ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் அவர்களில் முதன்மையானவர். ஆனால் பெரிய நிறுவனங்கள் தம் ஒலிப்பதிவுக்கூடத்துக்கென்றே ஒரு நிலையக் குழுவைச் சம்பளத்தில் வைத்திருந்தன. டெட்ராய்ட் நகரின் மேற்கு கிராண்ட் பொலிவார்டில் 2648ஆம் எண் வீடுதான் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம். அதன் ஒலிப்பதிவு அறையைக் கலைஞர்கள் 'பாம்புக்குழி' என்று அழைத்தார்கள். கூரையிலிருந்து தொங்கிய மின்கம்பிகள் அந்தப் பெயரை வாங்கித் தந்தன. அங்கே வாசித்தவர்கள் 'ஃபங்க் பிரதர்ஸ்' எனப்பட்டார்கள். பேஸ் கிடார் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிடார்) வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே கம்பிகளை மீட்டுவார். பழைய கம்பிகளை மாற்றவும் மாட்டார். மங்கிய, உருண்டையான அந்த நாதம் நூற்றுக்கணக்கான மோட்டவுன் பாடல்களுக்கு அடியில் ஓடுகிறது. ஆனாலும் 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவரும் வரை, மோட்டவுன் தன் ஆல்பங்களின் உறையில் இந்தக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கம் வைத்திருக்கவில்லை.

மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனம் ஒரு பழைய திரையரங்கில் இயங்கியது. நாற்காலிகளை அகற்றிய பிறகும் தரை சரிவாகவே இருந்தது. அங்கே புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ் என்ற குழுவில் இரு கறுப்பினத்தவரும் இரு வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள்; இனப்பிரிவினை இன்னும் சட்டமாக இருந்த ஊரில் இது நடந்தது. பிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்டு கூடத்தில் எம்.எஃப்.எஸ்.பி. என்ற பெருங்குழு வயலின்களும் ஊதுகருவிகளுமாக முப்பது பேருக்கு மேல் நிரம்பியிருந்தது.

டிரம் மெஷின் வந்ததால்தானே எல்லாம் போயிற்று?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பொருந்தவில்லை. ஸ்லை ஸ்டோன் 1971இலேயே ஓர் எளிய தாள இயந்திரத்தை வைத்து 'ஃபேமிலி அஃபேர்' பாடலைப் பதிவுசெய்தார்; அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பல தடங்களில் தனித்தனியாகப் பதியும் வசதி பரவியபோதே அனைவரும் ஒரே நேரத்தில் அறையில் இருக்க வேண்டிய தேவை போய்விட்டது. 1972இல் ஸ்டீவி வொண்டர் டிரம்ஸ், கிளாவினெட் என்ற மின்விசைப்பலகை, சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி) பேஸ் ஆகியவற்றைத் தாமே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து ஆல்பம் செய்தார். 1978இல் வந்த பார்லிமென்ட் குழுவின் 'ஃபிளாஷ் லைட்' பாடலில் பேஸ் கிடாரே இல்லை. பெர்னி வோரல் அந்த வேலை முழுவதையும் மினிமூக் சிந்தசைசரில் செய்தார். இவர்களெல்லாம் குழுக்களில் ஊறியவர்கள்.

உண்மையான டிரம்ஸ் ஒலியைப் பதிந்து திருப்பித் தந்த லின் எல்எம்-1 இயந்திரம் 1980இல் ஏறத்தாழ 5,000 டாலர் விலையில் வந்தது. அதே ஆண்டு வந்த ரோலண்ட் டிஆர்-808இன் விலை சுமார் 1,200 டாலர். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'மிடி' முறை 1983இல் வந்தது. அதற்குள் மோட்டவுன் டெட்ராய்டை விட்டுப் போய்ப் பத்தாண்டு ஆகியிருந்தது. ஸ்டாக்ஸ் 1975இலேயே திவாலாகியிருந்தது. குழுக்கள் ஏற்கெனவே காலி செய்திருந்த அறைக்குள்தான் இயந்திரம் நுழைந்தது என்பது என் கணிப்பு.

அப்படியானால் குழுக்கள் ஏன் கலைந்தன?

பல காரணங்கள் சில ஆண்டுகளுக்குள் ஒன்றுசேர்ந்தன. மோட்டவுன் 1972இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்தபோது, கூடத்தின் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் ஃபங்க் பிரதர்ஸில் சிலருக்கு விஷயமே தெரிந்தது. ஜேமர்சன் பின்னாலேயே போய்ப் பார்த்தார். அந்த ஊரின் நடைமுறைக்குள் அவரால் வேரூன்ற முடியவில்லை. 1983இல் இறந்தார்.

குழுக்கள் இரவுகளில் வாசித்துப் பழகிய கேளிக்கை மன்றங்களும் மறைந்துகொண்டிருந்தன. டெட்ராய்டில் கறுப்பின மக்களின் கடைத்தெருவாகவும் இசைத்தெருவாகவும் இருந்த ஹேஸ்டிங்ஸ் தெரு, நெடுஞ்சாலை போடுவதற்காக இடிக்கப்பட்டது. மெம்ஃபிஸின் பீல் தெருவைச் சுற்றியிருந்த குடியிருப்புகளும் 'நகர்ப்புறப் புதுப்பித்தல்' என்ற பெயரில் தரைமட்டமாயின. எஞ்சியிருந்த மன்றங்களுக்கு 1970களின் நடுவில் டிஸ்கோ என்ற நடன இசை வந்தது. இரண்டு சுழல்தட்டுகளோடு ஒரு டிஜே இரவு முழுவதும் இடைவெளியில்லாமல் பாட்டுப் போடும்போது, பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு ஏன் கூலி கொடுக்க வேண்டும் என்று மன்ற உரிமையாளர் யோசித்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த டிஜே போட்ட தட்டுகளில் பல பிலடெல்ஃபியாவில் முப்பது பேர் உட்கார்ந்து வாசித்தவை.

1979இல் இசைத்தட்டு விற்பனை சரிந்தது. நிறுவனங்கள் செலவைக் குறைத்தபோது பெரிய குழுக்கள் முதலில் அடிபட்டன. காமியோ என்ற ஃபங்க் குழு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு தொடங்கியது. 1986இல் 'வேர்ட் அப்' என்ற தன் மிகப்பெரிய வெற்றியைத் தந்தபோது அது மூவர் மட்டுமே. பேருந்து, விடுதி, உணவு, சம்பளம் எல்லாவற்றையும் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், மூன்றாலும் பெருக்கிப் பாருங்கள்; கணக்கு புரிந்துவிடும்.

பள்ளிக்கூடங்களில் இசை வகுப்பை நிறுத்தியதால்தான் பிள்ளைகள் வாத்தியம் கற்கவில்லை என்கிறார்களே?

பாதி உண்மை. பள்ளியின் பங்கு மிகப் பெரியது. சிகாகோவின் டுசேபிள் உயர்நிலைப் பள்ளியில் 'கேப்டன்' வால்டர் டையட் என்ற ஆசிரியரிடம் பயின்ற ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின் போன்றோர் ஜாஸ் உலகில் பெயர் பெற்றார்கள். ஜேமர்சனும் டெட்ராய்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில்தான் முதன்முதலில் பேஸைத் தொட்டார். நியூயார்க் நகர நிர்வாகம் 1975இல் நிதி நெருக்கடியில் சிக்கியபோது கலை, இசை ஆசிரியர்கள் பெருமளவில் வேலையிழந்தார்கள். கலிஃபோர்னியாவில் 1978இல் சொத்துவரிக்கு உச்சவரம்பு வந்த பிறகு அங்கும் பள்ளிகளின் கை சுருங்கியது.

ஆனால் ஹிப் ஹாப்பின் (டிஜேக்கள் சுழற்றும் தாளத்தின் மேல் ராப், அதாவது தாளத்தோடு பேசும் பாட்டு, அமையும் இசை) பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் விருந்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்தது 1973 ஆகஸ்ட் 11இல், அதாவது அந்த நெருக்கடிக்கு முன்பே. தவிர, இரண்டு சுழல்தட்டுகள், ஒலிபெருக்கி, ஆளுயரப் பெட்டிகள் எல்லாம் ஒரு பழைய டிரம்பெட்டைவிட மலிவானவை அல்ல. இன்னொரு பக்கம் மினியாபொலிஸைப் பாருங்கள். பிரின்ஸும் ஜிம்மி ஜாமும் ஒரே பள்ளியில் படித்து, குழுக்களில் வாசித்து வளர்ந்தவர்கள். எந்தக் கருவியைக் கொடுத்தாலும் வாசிக்கக்கூடியவர்கள். 1980களின் பாட்டை இயந்திரமயமாக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்களும் அவர்களே. பிரின்ஸ் 1984இல் 'வென் டவ்ஸ் கிரை' பாடலில் லின் இயந்திரத்தை ஓடவிட்டு, தாமே பேஸ் வாசிப்பவராக இருந்தும் பேஸ் இல்லாமலே வெளியிட்டார்.

ராப் என்பது வாசிக்கத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி அல்லவா?

இந்தக் கேள்வியைச் சற்று ஏளனத்தோடு கேட்பவர்களே அதிகம். இதற்கு முதல் ராப் இசைத்தட்டுகளே விடை சொல்கின்றன. 1979இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' பாடலின் அடித்தளம் வேறொரு தட்டிலிருந்து வெட்டி ஒட்டியது அல்ல. ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலின் சுழலைக் கலைஞர்கள் அறையில் உட்கார்ந்து கையாலேயே மீண்டும் வாசித்தார்கள். நீண்ட வடிவம் பதினான்கு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அத்தனை நேரமும் ஒரே பேஸ் வரியைக் காலப்பிரமாணம் பிசகாமல் வாசிப்பது எளிதென்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். அந்தத் தட்டை வெளியிட்ட ஷுகர் ஹில் நிறுவனமும் சில காலத்துக்குள் தனக்கென்று ஒரு நிலையக் குழுவை அமர்த்தியது. டக் விம்பிஷ், ஸ்கிப் மெக்டொனால்டு, கீத் லெபிளாங்க் அதில் வாசித்தார்கள்.

திருப்பம் 1983இல் வந்தது. ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவின் 'சக்கர் எம்.சி.ஸ்' பாடலில் குரலும் ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷினும் மட்டுமே, மெட்டு என்று எதுவும் இல்லை. அதைத் தயாரித்த லாரி ஸ்மித் ஒரு பேஸ் கலைஞர். தெரிந்த ஒன்றை வேண்டுமென்றே விலக்கிவைத்தார். தெருவில் டிஜேக்கள் கேட்கவைத்த வறண்ட தாளத்தைத் தட்டில் கொண்டுவர அதுவே வழி என்று கருதினார்.

சாம்ப்ளிங், அதாவது பழைய தட்டின் ஒரு துணுக்கை எடுத்துப் புதிய பாட்டில் சேர்ப்பது, திருட்டுதானே? மூலத்தில் வாசித்தவருக்கு என்ன கிடைத்தது?

பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1969 நவம்பரில் சின்சினாட்டியில் ஜேம்ஸ் பிரவுனின் குழு 'ஃபங்கி டிரம்மர்' என்ற நீண்ட பாட்டைப் பதிந்தது. ஐந்து நிமிடம் தாண்டியதும் பிரவுனின் சைகையில் மற்றவர்கள் எல்லாரும் நிறுத்துகிறார்கள். கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு தனியாவர்த்தனம் எதுவும் செய்யாமல், அதுவரை அடித்துக்கொண்டிருந்ததையே சில ஆவர்த்தங்கள் அடிக்கிறார். ஸ்னேர் டிரம்மில் பலமான அடிகளுக்கு நடுவே, கேட்டும் கேட்காததுமாய்ச் சிறு தட்டல்கள் நிறைந்திருக்கும். சுவை அங்கேதான் இருக்கிறது. அந்தச் சில விநாடிகளை 1980களின் பிற்பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான ராப் பாடல்கள் எடுத்து ஆண்டன.

பாட்டின் உரிமை இயற்றியவராகப் பதிவானவருக்கு, ஒலிப்பதிவின் உரிமை நிறுவனத்துக்கு. டிரம்ஸ் வாசித்தவருக்கு அன்றைய கூலி மட்டும். துணுக்கை எடுக்க உதவும் சாம்ப்ளர் இயந்திரம் வந்து இந்த அநியாயத்தை உண்டாக்கவில்லை. மோட்டவுன் உறைகளில் பெயர் இல்லாமல் போனதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான் (இரண்டாம் விடையைப் பார்க்க). எனவே, திருட்டு என்று சொல்வதானால் அது எப்போது தொடங்கியது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இயந்திரத்தை வாத்தியம் என்று ஒப்புக்கொள்ள முடியுமா? பொத்தானை அழுத்தினால் அதுவே வாசிக்கிறதே?

ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கருத்து. 1987இல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளரின் நினைவகம் மொத்தமே பத்து விநாடி ஒலிக்குத்தான் போதும். அதனால் தயாரிப்பாளர்கள் நிமிடத்துக்கு 33 முறை சுழல வேண்டிய தட்டை 45 முறை சுழலவிட்டு, வேகமாகக் கீச்சிடும் ஒலியைப் பதிந்துகொண்டு, பிறகு இயந்திரத்துக்குள் அதன் சுருதியை இறக்குவார்கள். இடம் மிச்சமானது, கூடவே மணல் உரசுவது போன்ற ஒரு கரகரப்பு ஒலியில் ஏறியது. அந்தக் கரகரப்பையே பின்னாளில் தேடித்தேடிப் போனார்கள். ஒரு கருவியின் குறையைக் கையாளத் தெரிந்துகொள்வதைத்தான் எல்லா வாத்தியக்காரர்களும் செய்கிறார்கள்.

டெட்ராய்டைச் சேர்ந்த ஹிப் ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா, அடிகளைத் தானாக நேர்செய்யும் வசதியை அணைத்துவிட்டு, எம்பிசி என்ற சாம்ப்ளர் இயந்திரத்தின் பட்டைகளை விரலால் தட்டித் தாளம் அமைப்பார். அவர் பயன்படுத்திய எம்பிசி இன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெள்ளையர்களின் ராக் இசையில் மட்டும் கிடார் குழுக்கள் எப்படித் தாக்குப்பிடித்தன?

அங்கும் 1980களில் இயந்திரங்கள் நுழைந்தன. ஆனால் நான்கு பேர் சேர்ந்து வாசிப்பதே ராக் என்ற எண்ணத்தை வானொலிகளும் அரங்குகளும் காப்பாற்றி வைத்திருந்தன. கறுப்பினக் குழு ஒன்று கிடாரை முன்னிறுத்தினால், ராக் வானொலி 'இது எங்கள் நேயர்களுக்கு அன்று' என்றது. கறுப்பின வானொலியும் அதையே சொன்னது. இந்த முட்டுச்சந்தை எதிர்த்து, லிவிங் கலர் குழுவின் வெர்னன் ரீட் உள்ளிட்டோர் 1985இல் நியூயார்க்கில் 'பிளாக் ராக் கோயலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு மறுபடி ஆள் வைத்து வாசித்தார்களாமே?

ஆமாம். பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியின்றி எடுத்த வழக்கில், நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1991 டிசம்பரில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி 'திருடாதே' என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு துணுக்குக்கும் முன்னனுமதியும் பணமும் தேவைப்பட்டன.

அதே வரியைப் புதிதாக ஆள் வைத்து வாசித்தால் பழைய ஒலிப்பதிவின் உரிமையாளரைத் தவிர்த்துவிடலாம். இயற்றியவருக்கு மட்டும் கொடுத்தால் போதும். 1992இல் டாக்டர் டிரே தயாரித்த 'தி கிரானிக்' ஆல்பத்தில் பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் சாயல் கொண்ட பல பகுதிகள் இவ்வாறு மறுவாசிப்பாக வந்தவை. ஆக, வாத்தியக் கலைஞர்களுக்கு மறுபடி வேலை தந்ததில் வழக்கறிஞர்களுக்கும் பங்குண்டு.

இது அமெரிக்காவில் மட்டும் நடந்ததா?

இல்லை. ஜமைக்காவில் மாற்றம் இன்னும் திடீரென்று வந்தது. 1985இல் கிங் ஜாமி தயாரித்து வெயின் ஸ்மித் பாடிய 'அண்டர் மீ ஸ்லெங் டெங்' பாடலின் தாளமும் பேஸும், காசியோ எம்டி-40 என்ற சிறிய விசைப்பலகையில் ஏற்கெனவே அமைத்து விற்கப்பட்டவை. அது வெற்றி பெற்றதும் கிங்ஸ்டன் கூடங்களில் நாட்கூலிக்கு வாசித்தவர்களின் வேலை சட்டென்று வற்றியது.

இன்றும் வாத்தியக் குழுவே மையமாக இருக்கும் இடம் எங்கேனும் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. முதலிடம் தேவாலயங்களுக்கு. ஞாயிறுதோறும் ஹேமண்ட் ஆர்கன், பேஸ், டிரம்ஸ் மூன்றும் போதகரின் குரலைப் பின்தொடர்ந்து அந்தக் கணத்திலேயே வாசித்தாக வேண்டும். அதை இயந்திரத்தில் முன்கூட்டி அமைக்க முடியாது. இன்று பெரிய பாடகர்களின் மேடைகளில் வாசிப்பவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். நியூ ஆர்லியன்ஸில் ஊர்வலங்களுக்குப் பித்தளைக் குழுக்கள் வேண்டும். ஃபுளோரிடா ஏ அண்ட் எம், சதர்ன், ஜாக்சன் ஸ்டேட் போன்ற கறுப்பினப் பல்கலைக்கழகங்களில் அணிவகுப்பு இசைக்குழுவில் சேர்வதே பெருமை. பாடகி பியான்சே 2018இல் கோச்செல்லா இசைவிழா மேடையில் அந்தப் பாணியைத்தான் எடுத்தாண்டார்.

வாஷிங்டன் நகரின் 'கோ-கோ' இசை தனிக்கதை. டிஸ்கோ டிஜேக்களோடு போட்டியிட வேண்டியிருந்தபோது சக் பிரவுன் ஒரு வழி கண்டார்: ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே காங்கா என்ற கைமேளமும் டிரம்ஸும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆடுபவர்கள் தளத்தை விட்டு இறங்கவே வாய்ப்பில்லை. மேலே சொன்ன மன்ற உரிமையாளரின் கேள்விக்கு இது சரியான பதில். நேரடி நிகழ்ச்சிகளின் ஒலிநாடாக்களே கைமாறி விற்றன. 2020இல் நகர நிர்வாகம் கோ-கோவைத் தன் அதிகாரபூர்வ இசையாக அறிவித்தது.

டி'ஏஞ்சலோ, தி ரூட்ஸ், கென்ட்ரிக் லமார் எல்லாம் வந்தபின் குழு திரும்பிவிட்டது என்று சொல்லலாமா?

வாசிப்பு திரும்பியது, ஏற்பாடு திரும்பவில்லை. டி'ஏஞ்சலோவின் 'வூடூ' (2000) நியூயார்க்கில் நீண்ட காலம் பல கலைஞர்கள் கூடி வாசித்து நாடாவில் பதிந்தது. 2015இல் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' ஆல்பத்தில் தண்டர்கேட், கமாசி வாஷிங்டன், டெரஸ் மார்ட்டின், ராபர்ட் கிளாஸ்பர் போன்ற ஜாஸ் கலைஞர்கள் வாசித்தார்கள். இவை மிக உயர்ந்த ஆக்கங்கள்தாம். ஆனாலும் ஓர் ஆல்பத்துக்காகக் கூடிப் பிரிந்தவை.

ரூட்ஸ் குழுவின் கதையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த இந்த ஹிப் ஹாப் குழு, 2009 முதல் ஜிம்மி ஃபாலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிலையக் குழுவாக அமர்ந்தது. மோட்டவுன் அளித்துவந்த மாதிரியான நிரந்தர வேலையை இன்று ஒரு தொலைக்காட்சிதான் தர முடிந்திருக்கிறது.

காதால் கேட்டே, இது ஆள் வாசித்தது, இது இயந்திரம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

1985க்கு முந்தைய தட்டுகளில் பெரும்பாலும் முடியும். ஹை-ஹாட் தாளத்தட்டைக் கவனியுங்கள்: ஆள் அடித்தால் இரண்டு அடிகள் ஒரே பலத்தில் விழுவதில்லை. பல்லவியை நெருங்கும்போது வேகம் ஒரு நூலிழை கூடும். பிந்தைய இசையில் இந்தச் சோதனை பலிக்காது. ஜே டில்லாவின் இயந்திரத் தாளம் தள்ளாடி நடக்கும்; அதைக் கேட்டு வளர்ந்த டிரம்ஸ் கலைஞர்கள் அந்தத் தள்ளாட்டத்தைக் கையாலேயே வாசிக்கப் பழகினார்கள். 'வூடூ' ஆல்பத்தில் ரூட்ஸ் குழுவின் குவெஸ்ட்லவ் வேண்டுமென்றே தாமதித்து அடிப்பதைக் கேட்டு, இயந்திரம் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல காதுள்ளவர்களும் இங்கே ஏமாறுகிறார்கள்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

மார்வின் கேயின் இரண்டு பாடல்களிலிருந்து. முதலில் 1971இன் 'வாட்ஸ் கோயிங் ஆன்': ஜேமர்சனின் பேஸ், காங்கா, வயலின்கள், பின்னணியில் நண்பர்களின் பேச்சுக்குரல் வரை அறை நிறைய ஆள்கள். அடுத்து, அவர் பெல்ஜியத்தில் தங்கியிருந்தபோது பதிந்த 1982இன் 'செக்ஷுவல் ஹீலிங்': ஒரு டிஆர்-808, சிந்தசைசர், கொஞ்சம் கிடார், அவர் குரல். பதினோரு ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் பாடியவை, இரண்டுமே அருமையானவை. பிறகு 'ஃபிளாஷ் லைட்', 'சக்கர் எம்.சி.ஸ்', 'வூடூ' என்று போகலாம். சக் பிரவுனுக்கு மட்டும் கூடத்தில் பதிந்ததைத் தவிர்த்து, நேரடி நிகழ்ச்சிப் பதிவு ஒன்றை முழுவதுமாகக் கேளுங்கள். பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும்.